பாட்டின் முதல் பாதி

கந்தசஷ்டி ஆறாம் நாள் மாலை தமிழ்நாட்டின் பெரும்பாலான முருகன் கோயில்களில் போர் நடக்கும். திருச்செந்தூர்க் கடற்கரையில் லட்சக்கணக்கானோர் கூடி நிற்க, தலை மாற்றி மாற்றி வரும் சூரனை வேல் வீழ்த்தும். அதே மாலையில் திருத்தணி மலையில் போர் கிடையாது. சூரசம்ஹாரம் அங்கே நடத்துவதில்லை. கூடை கூடையாகப் பூக்களைக் கொண்டுவந்து சொரிந்து புஷ்பாஞ்சலி செய்கிறார்கள். சூரனோடு நடந்த பெரும்போரும் வள்ளிக்காக வேடர்களோடு நடந்த சிறுபோரும் முடிந்து, சினம் ஆறி முருகன் வந்து அமர்ந்த மலை இது என்கிறது தலபுராணம். தாரகன் எறிந்த சக்கரத்தை மார்பில் ஏற்றதால் உண்டான பள்ளம் மூலவர் திருமேனியில் இருப்பதாகவும் அது சொல்லும். வென்றவனுக்கும் காயம் உண்டு. அந்தக் காயத்தோடுதான் அவன் இங்கே உட்கார்ந்திருக்கிறான்.

எல்லாம் நடந்து முடிந்த பிறகு ஒருவன் என்ன செய்கிறான்? இந்தக் கேள்வியோடு படியேற வேண்டிய மலை இது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள், பாடுகிறவர்கள், கூத்தாடுகிறவர்கள் ஒரு வயதைத் தாண்டியதும் தனியாக உட்கார்ந்து கணக்குப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். அந்த வேலைக்குப் போயிருக்கக் கூடாது. அந்தக் குருவை விட்டு வந்திருக்கக் கூடாது. சினிமாவை நம்பிச் சென்னைக்குப் பஸ் ஏறியிருக்கக் கூடாது. அல்லது, அன்றைக்கே ஏறியிருக்க வேண்டும். மற்றத் தொழிலில் இருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு உண்டு. ஆனால் ஒரு கணக்கர் தவறவிட்ட பதவி உயர்வு சம்பளத்தோடு போயிற்று. கலைஞர் தவறவிட்டதாக நினைப்பது தன்னையே. அதனால்தான் அந்த வருத்தம் அவ்வளவு ஆழம் போகிறது.

ஓவிய நண்பர் ஒருவரோடு ஒருமுறை அந்தப் படிகளில் ஏறினேன். சென்னையில் விளம்பரக் கம்பெனியொன்றில் லே-அவுட் ஆர்ட்டிஸ்டாக நெடுங்காலம் இருந்துவிட்டு, வேலையை விட்ட பிறகு தன் சொந்தப் படங்களை வரையத் தொடங்கியவர். சரவணப் பொய்கையைத் தாண்டிப் படிக்கட்டுத் தொடங்கும் இடத்திலேயே அவருடைய வழக்கமான புலம்பலும் தொடங்கிவிட்டது. "அந்த வருஷத்தையெல்லாம் குப்பையில கொட்டிட்டேன்யா. சோப்பு டப்பாவுக்கும் பிஸ்கட் பாக்கெட்டுக்கும் எழுத்து அடுக்கியே கை தேஞ்சுபோச்சு. அப்பவே வெளிய வந்திருந்தா இன்னிக்கு நான் எங்கியோ இருந்திருப்பேன்."

இந்த "எங்கியோ" என்ற ஊரை நான் பலருடைய பேச்சில் கேட்டிருக்கிறேன். அங்கே வாடகை இல்லை, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருவதில்லை, மனம் சோர்ந்துபோகும் மத்தியானங்கள் இல்லை. வாழாத வாழ்க்கையில் செலவே கிடையாது. வாழ்ந்த வாழ்க்கையின் எல்லா ரசீதுகளையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது தோற்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒப்பிடவே கூடாத இரண்டை ஒப்பிட்டு, தோற்றுவிட்டதாகத் தீர்ப்பும் எழுதிக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். அன்றைக்கு நம் கையில் உண்மையாகவே எத்தனை வழிகள் இருந்தன? இதே திருத்தணியில் 1888 செப்டம்பர் 5ஆம் தேதி பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தத்துவம் படித்தது ஆழ்ந்து யோசித்து எடுத்த முடிவால் அல்ல. ஏழைக் குடும்பம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் என்ன பாடம் எடுப்பது என்ற நிலையில், படிப்பு முடித்த உறவினர் ஒருவர் தம்முடைய தத்துவப் பாடப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகம் காசில்லாமல் கிடைத்தது, பாடம் முடிவாகிவிட்டது. பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டில் கீழைச் சமயங்களைக் கற்பித்த பேராசிரியர் ஒருவரின் வாழ்க்கை இப்படித்தான் திரும்பியது. அந்த உறவினர் கணக்குப் பாடம் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யோசித்துப் பார்க்கலாம், பயனில்லை. நாம் "தேர்ந்தெடுத்தேன்" என்று சொல்லிக்கொள்ளும் பலவற்றை அந்த மாதத்து வறுமையோ, வீட்டில் ஒருவரின் நோயோ, கைக்குக் கிடைத்த ஒரு புத்தகமோ தேர்ந்தெடுத்திருக்கும். அன்றிருந்த அந்தப் பிள்ளையை இன்றைய அறிவோடு கூண்டில் ஏற்றி விசாரிப்பது நியாயமில்லை.

ஆனால் இந்த ஆறுதல் பாதி தூரம்தான் வரும். தேர்ந்தெடுக்காமல் நடந்தவை போக, கண்ணைத் திறந்துகொண்டே செய்தவையும் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது? இதற்கு விடை தேடும்போது நான் அருணகிரிநாதரிடம் போகிறேன்.

விஜயநகரத்துப் பிரபுடதேவராயரைத் தம் பாட்டிலே குறிப்பிடுபவர் அவர். ஆகவே காலம் பதினைந்தாம் நூற்றாண்டு. இளமையைப் பரத்தையர் வீடுகளில் தொலைத்தார், கைப்பொருளைத் தொலைத்தார், உடல் நோயில் விழுந்தது, கடைசியில் உயிரை விட நினைத்துத் திருவண்ணாமலைக் கோபுரத்தில் ஏறினார், முருகன் தாங்கினான் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்தக் கதையில் எவ்வளவு வரலாறு என்று ஆராய்ச்சிக்காரர்கள் வாதிடட்டும். எனக்குக் கதையைவிடப் பெரிய சான்று பாட்டின் கட்டுமானம்.

திருப்புகழ்ப் பாட்டு ஒன்றை எடுத்து வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவை மூன்று பகுதியாக நிற்கும். முதலில் வீழ்ச்சி: பெண்களின் கூந்தல், கண், பேச்சு, அவர்களுடைய சாகசம், அதில் மயங்கிக் கிடந்தவனின் நிலை. அல்லது உடம்பின் தளர்ச்சி: நரை, இருமல், கோலூன்றிய நடை, சுற்றத்தாரின் ஏளனம். அடுத்து, பாட்டின் நடுவில், ஒரு வேண்டுதல். அதன் பிறகு மீதிப் பாதி முழுக்க முருகனுடைய வீரம், அவன் மாமனான திருமாலின் லீலைகள், மலை, வயல், சுனை, ஊர். கடைசியில் ஊர்ப்பெயரோடு "பெருமாளே" என்ற விளி. தணிகைக்கு, அதாவது இந்தத் திருத்தணிக்கு மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட பாட்டுகள். அவற்றில் ஒன்று நோய்களின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சொல்லி அவை அணுகாதிருக்க வேண்டுகிறது. வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் இன்றும் அதை ஓதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கட்டுமானத்தில் இரண்டு செய்திகள் இருக்கின்றன என்று நினைக்கிறேன். முதலாவது, அவர் தம் கழிந்த காலத்தைத் துடைத்துப் போடவில்லை. பக்தராகிவிட்ட பிறகு ஒருவர் அந்த அத்தியாயத்தை மறைத்திருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. அவரோ ஒவ்வொரு பாட்டின் வாசலிலும் அதை நிறுத்தி வைத்தார். கச்சேரி மேடையில் சிலர் கூச்சப்பட்டு இந்த முதல் பகுதியை விட்டுவிட்டு, வேண்டுதலிலிருந்தும் துதியிலிருந்தும் பாடுவதுண்டு. அவர்களுடைய சங்கடம் புரிகிறது. ஆனாலும் வேண்டுதலுக்குக் காரணமே அங்கே வெட்டுப்பட்டுப் போகிறது. எதிலிருந்து எழுந்தான் என்று தெரியாமல் ஒருவன் எழுந்ததை எப்படிக் கொண்டாடுவது?

அதைவிட நுட்பமான விஷயம் சந்தம். "தந்தன தத்தன" என்று ஓடும் அந்தத் தாளக்கட்டுகள் எங்கிருந்து வந்தன? கோயிலும் வேதமும் சித்தர் மரபும் அவருக்குக் கொடுத்தவை உண்டு. ஆனால் சலங்கை ஒலியும் மத்தளச் சொற்கட்டும் காதில் ஊறிப் போகாத ஒருவரால் அத்தனை விதமான சந்தங்களை எழுதியிருக்க முடியும் என்று நான் நம்பவில்லை. எந்த ஆடலரங்கில் அவருடைய ஆண்டுகள் தொலைந்தனவோ, அந்த அரங்கின் தாளத்தில் ஏறித்தான் முருகன் வருகிறான். இது என் ஊகம். ஆனால் அந்தப் பாட்டுகளை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிற எவருக்கும் இது தோன்றாமல் இருக்காது. கெட்டுப்போன காலத்தின் சரக்கு என்று அவர் எதையும் ஒதுக்கவில்லை. காது கற்றுக்கொண்டதைக் கை பயன்படுத்தியது.

இரண்டாவது செய்தி அளவு பற்றியது. வேண்டுதல் பாட்டின் நடுவில் வந்துவிடுகிறது. புலம்பலுக்கு உரிய இடம் முதல் பாதி. அதற்கு மேல் ஒரு சீர்கூடக் கொடுப்பதில்லை. பிறகு அவர் தம்மைவிட்டு நகர்ந்து மலையைப் பார்க்கிறார், சுனையில் பூத்த கழுநீரைப் பார்க்கிறார், வயலில் பாயும் மீனைப் பார்க்கிறார். தன் பிழையை நினைத்து அழுகிறவன்கூட ஒருவிதத்தில் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தக் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பும் ஒழுக்கத்தை அருணகிரியார் யாப்பிலேயே கட்டி வைத்துவிட்டார். ஆயிரம் தடவைக்கு மேல் அதே இடத்தில் திரும்பியிருக்கிறார். ஒருமுறை திரும்பியது போதவில்லை என்பதும் இதில் தெரிகிறது. வருத்தம் மறுநாளும் வந்திருக்கிறது. மறுநாளும் இன்னொரு பாட்டு எழுதியிருக்கிறார்.

நம் காலத்தில் இதற்கு ஒரு நிகர் சொல்வதென்றால் எனக்கு அசோகமித்திரன் நினைவுக்கு வருகிறார். 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் ஒட்டி வைப்பதும் அவர் வேலைகளில் ஒன்று. சிறுகதை எழுதும் கைக்கு அது என்ன வேலை என்று யாரும் கேட்டிருக்கலாம். அந்த மேஜையில் உட்கார்ந்திருந்த மனிதர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிற்பாடு 'கரைந்த நிழல்கள்' வந்தபோது தெரிந்தது. புரொடக்‌ஷன் மேனேஜரின் விடியற்காலையை, துணை நடிகையின் பசியை, கார் டிரைவர்களின் எரிச்சலை அவ்வளவு சரியாக எழுத, வெளியிலிருந்து வந்து குறிப்பெடுத்துப் போகிறவரால் முடியாது. 'புலிக்கலைஞன்' கதையில் வேலை கேட்டு வரும் அந்த மனிதன், ஆபீஸ் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவருக்கு மட்டுமே கிடைக்கக்கூடியவன். எழுதாத ஆண்டுகள் என்று நாம் தள்ளிவைப்பவற்றில் பாதி, எழுத்து உள்ளே சேர்ந்துகொண்டிருந்த ஆண்டுகள்.

திருத்தணியோடு பிரிக்க முடியாத இன்னொருவர் முத்துசுவாமி தீட்சிதர். 1775இல் திருவாரூரில் பிறந்தவர். குடும்பம் மணலி ஜமீனின் ஆதரவில் இருந்தபோது சென்னைக் கோட்டை பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த ஐரோப்பிய மெட்டுகள் காதில் விழுந்தன. பிறகு சிதம்பரநாத யோகியோடு காசிக்குப் போய்ப் பல ஆண்டுகள் அங்கேயே இருந்தார். இந்துஸ்தானி சங்கீதம் கேட்டார், வேதாந்தமும் தந்திர சாஸ்திரமும் படித்தார். ஊரார் கண்ணில் இது எப்படிப் பட்டிருக்கும்? தகப்பனார் ராமசுவாமி தீட்சிதர் ஹம்சத்வனி ராகத்தை உண்டாக்கியவர். அப்படிப்பட்டவருடைய மூத்த பிள்ளை, கீர்த்தனை எழுத வேண்டிய வயதில், எங்கோ கங்கைக்கரையில். திரும்பி வந்தவர் திருத்தணி போனார். மலையில் தியானத்தில் இருந்தபோது ஒரு முதியவர் வந்து வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டைப் போட்டு மறைந்தார் என்றும், உடனே 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்ற கிருதி பிறந்தது என்றும் சொல்வார்கள். அதிலிருந்து குருகுஹ என்பதே அவருடைய முத்திரை.

கற்கண்டைவிட என்னை நிறுத்திவைப்பது ராகம். மாயாமாளவகௌளை. பாட்டு வகுப்பில் முதல் நாள் உட்காரும் குழந்தைக்குச் சரளி வரிசை சொல்லித் தரும் ராகம் அது. அத்தனை தேசம் சுற்றி, அத்தனை சாஸ்திரம் படித்துவிட்டு வந்தவர், தம் கணக்கைத் தொடங்கும்போது அரிச்சுவடியில் போய் நின்றார். தாமதமாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு பதற்றம் இருக்கும். விட்டுப்போன காலத்தையெல்லாம் முதல் படைப்பிலேயே ஈடுகட்டிவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் அதில் திணிப்பார்கள். நல்ல எழுத்தாளர்களின் முதல் நாவல்கள் சில இதனாலேயே மூச்சுத் திணறியதைப் பார்த்திருக்கிறேன். தீட்சிதரிடம் அந்தப் பதற்றம் இல்லை. குருகுஹனான முருகனை முன்னிறுத்தி, எட்டு வேற்றுமைக்கும் ஒவ்வொன்றாக எட்டுக் கிருதிகள் செய்தார். இலக்கணப் புத்தகத்தின் முதல் பாடத்தைப் போல நிதானமாக.

சுற்றிய பாதைகளும் வீண்போகவில்லை. பாண்டு மெட்டுகள் நோட்டுஸ்வர சாகித்தியங்களாயின. இன்றைக்குச் சிறு பிள்ளைகள் அவற்றைத்தான் உற்சாகமாகப் பாடுகிறார்கள். காசியில் கேட்டது, துருபத்தின் மந்த நடையாக அவருடைய விளம்பகாலக் கிருதிகளில் வந்து சேர்ந்தது. 'சேத ஸ்ரீ' கேட்கிற ஒவ்வொரு முறையும் அந்தத் துவிஜாவந்தி எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

மேதைகளைச் சொல்லி நம்மைத் தேற்றிக்கொள்வது எளிது என்று ஒருவர் கேட்கலாம். நியாயம். அதனால்தான் வள்ளிமலை சுவாமிகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1870இல் பிறந்த அர்த்தநாரி, மைசூர் அரண்மனையில் சமையற்காரராக இருந்தவர். எழுத்து வாசனை கிடையாது. குடும்பத்தில் துக்கம், தீராத வயிற்றுவலி. நோய் தீரப் பழனிக்குப் போனவர் அங்கே திருப்புகழைக் கேட்டார். அதன் பிறகு வேறெதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. நாற்பதை நெருங்கும் வயதில் எழுத்துக் கூட்டப் பழகி, திருப்புகழையே அரிச்சுவடியாக வைத்துத் தமிழ் படித்தார். திருவண்ணாமலையில் சேஷாத்திரி சுவாமிகள் இவரை வள்ளிமலைக்கு அனுப்பினார். அடுப்படியில் கழிந்த காலத்தை எண்ணி அவர் எவ்வளவு வருந்தினார் என்று எனக்குத் தெரியாது. அவர் செய்த காரியம் தெரியும். ஆங்கிலப் புத்தாண்டு அன்று வெள்ளைக்கார துரைமார்களின் பங்களாக்களுக்கு மாலையும் எலுமிச்சம்பழமுமாக ஜனங்கள் வரிசை கட்டிப் போவதைப் பார்த்தார். துரைக்குச் செய்யும் வணக்கத்தைத் தணிகைத் துரைக்குச் செய்யலாமே என்று, 1917 டிசம்பர் 31 இரவு திருத்தணியில் படித்திருவிழாவைத் தொடங்கினார். வருஷத்தின் நாட்களுக்கு ஒன்றாக முந்நூற்று அறுபத்தைந்து படிகள். ஒவ்வொரு படிக்கும் பூசை, ஒவ்வொரு படியிலும் ஒரு திருப்புகழ். இன்றும் அந்த இரவில் தமிழும் தெலுங்கும் கலந்த கூட்டம் அந்தப் படிகளை நிறைக்கிறது. சித்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களும் அரக்கோணத்து ரயில் இறங்கி வந்தவர்களும் ஒரே படியில் கற்பூரம் ஏற்றுகிறார்கள்.

பாட்டு அவர் எழுதியதல்ல. மெட்டும் மரபும் பிறருடையவை. ஒரு படியைத் தாண்ட ஒரு பாட்டு பாடியாக வேண்டும் என்ற ஏற்பாடு மட்டும் அவருடையது. அதனால் திருப்புகழ் ஓலையிலிருந்தும் புத்தகத்திலிருந்தும் இறங்கி ஜனங்களின் வாய்க்கு வந்தது. காலம் கடந்து வந்த ஒருவர் தமக்கென்று ஒரு பேர் சம்பாதிக்க அவசரப்படாமல், தம்மைக் காப்பாற்றியதைப் பிறர் கைக்கு எட்டும்படி செய்தார். இங்கேதான் வருத்தம் வேறொன்றாக மாறத் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

இனி, ஆறுதல் செல்லாத இடத்துக்கு வர வேண்டும். எல்லா இழப்பும் பாட்டாகிவிடுவதில்லை. அருணகிரியார் பதினாறாயிரம் பாட்டுகள் பாடினார் என்பது மரபு. நமக்குக் கிடைத்திருப்பவை ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம். மரபு சொல்லும் எண் மிகையாகவே இருக்கட்டும். எவ்வளவோ போனது நிச்சயம். ஓலையைச் செல்லுக்குக் கொடுத்தவர்கள், ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்கள், யாருக்கும் தராமல் பெட்டியில் பூட்டியவர்கள் எல்லாரும் சேர்ந்து தொலைத்த செல்வம். அதற்கு மாற்று இல்லை. இதைக் கண்டு உள்ளம் பதைத்த ஒருவர் வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை. முனிசீப்பாக உத்தியோகம் பார்த்தவர். சிதம்பரம் தீட்சிதர்கள் ஒரு வழக்கில் தங்கள் பெருமைக்குச் சான்றாகக் காட்டிய திருப்புகழ்ப் பாட்டு அவரைப் பிடித்துக்கொண்டது என்பார்கள். ஊர் ஊராக ஏடு தேடி, 1894இல் முதல் பகுதியை அச்சேற்றினார். அவருடைய மகன் செங்கல்வராய பிள்ளை பத்திரப் பதிவுத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே அந்தப் பணியைத் தொடர்ந்தார்; ஓய்வுக்குப் பிறகு முழுமைக்கும் உரை எழுதினார். தணிகேசனையே மூச்சாகக் கொண்ட அவரைத் தமிழுலகம் தணிகைமணி என்று அழைத்தது. மறையும்வரை அவர் ஓயவில்லை.

அந்தத் தகப்பனும் மகனும் போன பாட்டுகளுக்காக அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. போனதை அவர்கள் தொலைக்கவும் இல்லை. ஆனாலும் அதைத் தங்கள் பாக்கி என்று எடுத்துக்கொண்டார்கள். இழந்தேன் என்று சொல்வதற்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று சொல்வதற்கும் நடுவில் உள்ள தூரம் பெரிது. முதல் வாக்கியத்தைச் சொல்கிறவர் நின்ற இடத்திலேயே நிற்கலாம். இரண்டாவதைச் சொன்னவர் எழுந்து ஒரு வீட்டுக் கதவைத் தட்டியாக வேண்டும்.

அருணகிரியார் கதைக்கு இந்தக் கண்ணோடு திரும்பிப் போனால் ஒன்று தென்படுகிறது. அந்தக் கதையில் அவருக்கு ஒரு தமக்கை உண்டு. தம்பியைத் தாயாக வளர்த்தவள். அவன் கேட்ட போதெல்லாம் கொடுத்துக் கொடுத்து எல்லாம் இழந்தவள். அவனைக் கோபுரத்துக்கு ஏற்றியது வீணான இளமையின் நினைப்பல்ல, அவள் முகம். தொலைந்த ஆண்டுகளைச் சந்தமாக மாற்றலாம். அவளுக்குச் செய்ததை எந்தச் சந்தத்தில் வைப்பது? வைக்க முடியாது. 'கந்தரலங்காரம்' படிக்கிறவர்கள் கவனித்திருக்கலாம்: இறைவனையும் மரண பயத்தையும் பேசிக்கொண்டே வருபவர் திடீர் திடீரென்று திரும்பி, ஏழைக்குக் கொடுங்கள், அரிசி நொய்யில் ஒரு துணுக்கு அளவாவது பகிர்ந்துகொள்ளுங்கள் என்கிறார். வேதாந்தத்தின் நடுவே இந்தச் சோற்றுப் பேச்சு ஏன் என்று எனக்கு முன்பு விளங்கியதில்லை. கொடுக்க வேண்டியவளுக்குக் கொடுக்க முடியாமல் போன ஒருவரின் குரலாக அதைக் கேட்ட பிறகு விளங்குகிறது.

கலைவாழ்க்கையின் வருத்தங்களை நாம் இரண்டு குவியலாகப் பிரிக்கத் தவறுகிறோம். எனக்கு நான் செய்துகொண்ட நஷ்டம் ஒன்று: தப்பான வேலை, வீணான காலம், எழுதாத நாவல். பிறருக்கு நான் செய்தது இன்னொன்று: மனைவியின் உறக்கத்தைத் தின்று எழுதிய பக்கங்கள், நன்றி சொல்லாமல் விட்ட ஆசான், தட்டிக்கொடுக்காமல் கடந்துபோன இளையவன். முதல் குவியலைத்தான் ஊரெல்லாம் காட்டிப் புலம்புகிறோம். அது கலைக்குள் போய்க் கரைந்துவிடக்கூடியது. அதைக் கலைக்குக் கொடுத்துவிட்டால் போதும். இரண்டாவது குவியலைப் பற்றி வாய் திறப்பதில்லை. எவ்வளவு உயர்ந்த படைப்பும் அதற்கு வட்டி கட்டாது. அது மனிதருக்குத் தர வேண்டியது. மனிதரிடம் போய்த்தான் தர வேண்டும், அவர் இருக்கும்போதே. முதல் புலம்பலை இத்தனை சத்தமாக நாம் வைத்துக்கொள்வது, இரண்டாவது காதில் விழாமல் இருப்பதற்காகத்தானோ என்று சில சமயம் நினைக்கிறேன்.

நண்பர் விஷயத்தில் அது அப்படித்தான் இருந்தது. பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தோம். அவருடைய புதிய படங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. அவற்றில் வெற்றிடம் அவ்வளவு துணிச்சலாக இருப்பதற்குக் காரணம் சோப்பு டப்பாதான் என்றேன். அத்தனை ஆண்டு ஒரு கையகலக் காகிதத்தில் எதை விட வேண்டும் என்று பழகிய கை அது. அவர் ஒப்புக்கொண்டார். கொஞ்ச நேரம் கீழே ஊரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் கேட்காமலே, அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். கம்பெனியில் அவருக்குக் கீழே ஒரு பையன் இருந்தான். அவன் போட்ட டிசைன் ஒன்று பெரிய பாராட்டு வாங்கியது. பாராட்டு வந்தபோது மேஜையில் இவர் இருந்தார். "என்னுதுன்னு நான் சொல்லல. அவனுதுன்னும் சொல்லலய்யா." அவன் சில மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டான். வரைவதையும் விட்டுவிட்டதாக யாரோ சொன்னார்களாம்.

"அவன் இப்ப எங்க இருக்கான்னு தெரியுமா?"

"கும்பகோணத்துப் பக்கம். ஏதோ ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டர்னு கேள்வி."

அதற்குமேல் நாங்கள் அதைப் பேசவில்லை. தரிசனம் முடிந்து இறங்கும்போது கம்பெனியில் உடனிருந்த பழைய ஆள் ஒருவருக்குப் போன் போட்டு, அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார். தெரிந்துவிட்டது. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஊருக்குள் வருவதற்கு முன்னால் ரயில் டிக்கெட் எடுத்தார். அவனைப் பார்த்து என்ன பேசினார், அவன் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. போய்விட்டு வந்தார் என்பது மட்டும் தெரியும். அடுத்து அவர் வைத்த கண்காட்சியில் ஒரு சுவர் முழுக்க வேறொருவருடைய படங்கள் இருந்தன. கீழே அவனுடைய பெயர், இவருடைய கையெழுத்தில்.